இடம் பார்க்க வந்தவர்கள்

பி.ஏ. பாஸ் செய்துவிட்டு வேலை இல்லாமல் இருப்பதற்கு அந்தக் காலத்தில் ஸ்ரீரங்கத்தைவிட வசதியான ஊர் கிடையாது. காலையில் காவேரியில் குளிக்கலாம், சாயங்காலம் கொள்ளிடத்து மணலில் உட்காரலாம், நடுவில் பெருமாளைச் சேவிக்கலாம். இந்த மூன்றையும் நான் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தபோது கூடப் படித்த ஒருவன் எனக்கு ஒரு வேலை பிடித்துக் கொடுத்தான். மெட்ராஸிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனியார் வருகிறார்கள், அவர்களுக்குத் திருச்சிராப்பள்ளியைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்றான்.

பேசும் படம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. காடு, மலை, அரண்மனை எல்லாவற்றையும் துணியில் எழுதித் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கம்பெனியின் டைரக்டருக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு விபரீத ஆசை வந்துவிட்டது. நிஜமான மலை வேண்டும், நிஜமான தோட்டம் வேண்டும், நிஜமான பழைய மண்டபம் வேண்டும் என்றார். அவற்றைத் தேடிக்கொண்டு ஊர் ஊராகப் போவதற்கு அவர்கள் இங்கிலீஷில் என்னவோ பெயர் வைத்திருந்தார்கள். தமிழில் பேசும்போது ‘இடம் பார்க்கிறது’ என்றார்கள். இந்தத் தமிழால்தான் எங்கள் வீட்டில் வம்பு வந்தது.

எங்கள் வீட்டில் அப்போது இடம் என்ற வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். என் தங்கைக்குப் பத்தொன்பது வயது. வந்து பார்த்துவிட்டுப் போன இடங்கள் எல்லாம் தட்டிப்போய்க்கொண்டிருந்தன. ஜாதகம் பொருந்தினால் சீர் பொருந்தவில்லை, சீர் பொருந்தினால் ஊர் பொருந்தவில்லை. அவளோ எஸ்.எஸ்.எல்.சி. நன்றாகப் பாஸ் செய்துவிட்டு, டவுனில் பெண்களுக்கான வாத்தியார் ட்ரெய்னிங் ஸ்கூலுக்கு மனுப் போட்டிருந்தாள். சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். வருகிற திங்கட்கிழமை போய்ச் சேர்ந்து, ஹாஸ்டலிலேயே தங்கிப் படிக்க வேண்டும். சேராவிட்டால் வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

என் தகப்பனார் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். விதி என்று ஒன்று இருந்தால் அதை எழுத்துப் பிசகாமல் நடத்துவார். எழுத்தில் இல்லாததை எமனே வந்து கேட்டாலும் நடத்த மாட்டார். அவள் அழுது, சாப்பிடாமல் இருந்து, கடைசியில் அவரிடமிருந்து ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். “இன்னும் ஒரே ஒரு இடம் பார்க்கறேன். அதுவும் தட்டிப்போச்சுன்னா நீ ட்ரெய்னிங்குக்குப் போ. நான் குறுக்கே நிக்கலை” என்று சொல்லியிருந்தார். அந்த ஒரே ஒரு இடம் அதற்குப் பிறகு வரவும் இல்லை, தட்டவும் இல்லை. திங்கட்கிழமை மட்டும் வந்துகொண்டிருந்தது. அவள் வாசல் பக்கம் காலடிச் சத்தம் கேட்டாலே, மாப்பிள்ளை வீட்டாரோ என்று ஆசையோடு எட்டிப் பார்த்தாள். தன்னை வேண்டாம் என்று சொல்ல யாராவது வர மாட்டார்களா என்று ஏங்கிய பெண்ணை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் என்ன வேலையில் சேர்ந்திருக்கிறேன் என்று தகப்பனார் கேட்டார். படக் கம்பெனியில் என்றேன். அவர் பூஜை அலமாரிக்கு மேலே மாட்டியிருந்த பட்டாபிஷேகப் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, “நல்ல கைங்கர்யம்” என்றார். அவர் வாழ்நாளில் டாக்கிக் கொட்டகைக்குள் காலை வைத்தவரில்லை. படம் என்றால் அவருக்குக் கண்ணாடி போட்டு, சட்டம் அடித்து, ஆணியில் மாட்டுவது.

வந்தவர்கள் இரண்டு பேர். டைரக்டர் பருத்த சரீரம், தங்கமான மனுஷர், எதைப் பார்த்தாலும் “பிரமாதம்” என்பார். கூட வந்த காமிராக்காரர் ஒல்லி. கழுத்தில் ஒரு நீலக் கண்ணாடித் துண்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். அதைக் கண்ணில் வைத்து வெளிச்சம் பார்த்துவிட்டு “தேறாது” என்பார். எனக்குத் தினப்படி கொடுப்பவர் டைரக்டர் என்பதால் நானும் எல்லாவற்றையும் பிரமாதம் என்றே சொல்லிவந்தேன்.

படத்தின் கதையைக் காரில் போகும்போது டைரக்டர் சொன்னார். ஒரு ராணி சாபத்தால் ராஜ்யத்தை இழந்து, காட்டில் அலைந்து, பெரிய பக்தையாகிக் கடைசியில் மோட்சத்துக்குப் போகிறாள். “கைலாசமா, வைகுண்டமா?” என்று கேட்டேன்.

“அது இடம் அமையறதைப் பொறுத்ததுங்க. மலை நல்லா அமைஞ்சா கைலாசம். கோவில் நல்லா அமைஞ்சா வைகுண்டம்” என்றார்.

முதலில் மலைக்கோட்டைக்குப் போனோம். டைரக்டர் பாதிப் படிக்கட்டில் மூச்சு வாங்கி உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே பிரமாதம் என்றார். காமிராக்காரர் உச்சிவரை போய்விட்டு இறங்கி வந்தார்.

“உச்சியில யாருங்க இருக்கறது?” என்று என்னைக் கேட்டார்.

“பிள்ளையார்” என்றேன்.

“கைலாசத்து உச்சியில மகன் உக்காந்துட்டா அப்பா எங்கே உக்காருவாரு?”

பிறகு தெப்பக்குளத்துப் பக்கம் வந்து கீழே இருந்து பார்த்தார்கள். காமிராக்காரர் இரண்டு கைவிரல்களையும் சதுரமாக வைத்துக்கொண்டு அதற்குள் மலையை அடைக்கப் பார்த்தார். இந்தப் பக்கம் திரும்பினால் மாதா கோவில் கோபுரம் வந்து நின்றது. அந்தப் பக்கம் திரும்பினால் தந்திக் கம்பிகள். எந்தக் கம்பியும் இல்லாத ஒரு கோணத்தைக் கண்டுபிடித்தபோது, அங்கே ஒரு சுவர் முழுக்க பீடி விளம்பரம் எழுதியிருந்தது.

“மலை நல்ல மலைதான். ஆனா படத்துல மலை மாதிரி விழாது. தேறாது” என்றார்.

அடுத்த வருஷம் அந்தப் படம் எங்கள் ஊர் டாக்கிக்கு வந்தபோது நான் போய்ப் பார்த்தேன். கைலாசம் கோணிப்பையும் சுண்ணாம்பும் வைத்துச் செய்யப்பட்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர் மெய்ம்மறந்து, “அப்படியே நம்ம மலைக்கோட்டைதான் சார்” என்றார். அவருக்குத் தினமும் வீட்டு மாடியிலிருந்து தெரிகிற மலை அது.

ராணியின் நந்தவனத்துக்காக ஒரு பூங்காவுக்குப் போனோம். புல் இருந்தது, செம்பருத்தி இருந்தது, வட்டமான தண்ணீர்த் தொட்டி இருந்தது. டைரக்டர் கண்ணை மூடிக்கொண்டு அங்கே ராணி தோழிகளோடு பந்தாடுவதைப் பார்த்துவிட்டார். கண்ணைத் திறந்தபோது தொட்டிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரத் துரையின் மார்பளவுச் சிலை நின்றது. மீசையோடும் கோட்டோடும் இருந்தது. புராண காலத்து நந்தவனத்தில் இவருக்கு என்ன வேலை என்று காமிராக்காரர் கேட்டார்.

டைரக்டர் சளைக்கவில்லை. “தாடி ஒட்டி, மேல ஒரு காவித் துணியைப் போர்த்திட்டா முனிவர். ராணி வந்து நமஸ்காரம் பண்ணிட்டுப் போறா. ஒரு பாட்டுகூட வச்சுக்கலாம்” என்றார்.

பூங்காவைச் சுற்றிக் காட்ட வந்திருந்த முனிசிபல் உத்தியோகஸ்தர் ரொம்பவும் யோசித்தார். “தோட்டத்துல படம் எடுக்க நாங்களே உத்தரவு குடுத்துடுவோம். துரைக்குத் தாடி ஒட்டணும்னா கலெக்டர்கிட்டதான் போகணும்” என்றார். பிறகு என்னைத் தனியாக அழைத்து, தாடியைப் பசை போட்டு ஒட்டுவார்களா, கயிற்றால் கட்டுவார்களா என்று விசாரித்தார். கயிறு என்றால் யோசிக்கலாமாம்.

அதற்குள் விஷயம் பரவி, பூங்கா முழுக்கக் கூட்டம். எல்லோருக்கும் ராணியைப் பார்க்க வேண்டும். ராணி வரவில்லை, இடம்தான் பார்க்கிறோம் என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. தினம் நாங்க பார்க்கிற இடத்தை நீங்க எதுக்குப் பார்க்கணும் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். டைரக்டரின் காரை எட்டிப் பார்த்து, உள்ளே ராணியை ஒளித்து வைத்திருக்கிறோமா என்று சோதித்த பிறகுதான் எங்களைப் போகவிட்டார்கள்.

காட்டுக்காக முக்கொம்புக்குப் போனோம். மரங்களும் நிழலும் டைரக்டருக்குப் பிடித்திருந்தன. ஆனால் அகண்டமாக ஓடுகிற தண்ணீருக்கு நடுவில் வரிசையாக இரும்பு மதகுகள். “ராட்சசன் கோட்டைன்னு வச்சுக்கலாம்” என்றார். மதகின் பக்கத்திலேயே ‘மீன் பிடிக்கக் கூடாது’ என்று சர்க்கார் பலகை இருந்தது. ராட்சசனே போட்ட உத்தரவு என்று வைத்துக்கொள்ளலாமா என்று நான் கேட்டேன். அன்று அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவில்லை.

மறுநாள் எங்கள் ஊர். காலையில் அவர்களை நான் தெற்குப் பக்கத்து மொட்டைக் கோபுரத்தில் நிறுத்தினேன். அடித்தளத்தோடு நின்றுபோன அந்தப் பிரம்மாண்டத்துக்குள் மாட்டு வண்டிகளும் ஜட்காக்களும் புகுந்து போய்க்கொண்டிருந்தன.

“இது இடிஞ்சதுங்களா?” என்று டைரக்டர் கேட்டார்.

“இல்லை. கட்டி முடிக்கலை.”

“அப்ப யுத்தத்துல இடிஞ்ச அரண்மனைன்னு வச்சுக்கலாம்” என்றார். இந்த மனுஷர் எதையும் எதுவாகவும் வைத்துக்கொள்வார். கண்ணுக்கு முன்னால் இருப்பதை அதுவாகவே வைத்துக்கொள்ள மட்டும் அவருக்கு வராது. காமிராக்காரர் வண்டிகளை நிறுத்த முடியுமா என்று கேட்டார். ஸ்ரீரங்கத்துக்குள் வருகிற அரிசி, காய்கறி, பெண் வீட்டார், பிள்ளை வீட்டார் எல்லாரையும் நிறுத்த வேண்டும் என்றேன். தேறாது என்றார்.

மிச்சம் இருந்தது வைகுண்டம். அதற்கு ஆயிரங்கால் மண்டபம். கோவிலில் செல்வாக்குள்ள ஒரு பெரியவரைப் பார்க்க ஏற்பாடு செய்திருந்தேன். போகும் முன் இருவரையும் காவேரியில் குளிக்க வைத்து, நெற்றியில் சிவப்பு ஸ்ரீசூர்ணத்தை மட்டும் ஒற்றைக் கோடாக இட்டுக்கொள்ளச் சொன்னேன். முழு நாமம் போட்டால் வடகலையா தென்கலையா என்ற தகராறு வரும். தென்கலை நாமத்துக்கு மூக்கின்மேல் ஒரு பாதம் உண்டு, வடகலைக்குக் கிடையாது. அந்தப் பாதத்துக்காக எங்கள் ஜனங்கள் கோர்ட்டு வரைக்கும் போயிருக்கிறார்கள். வேஷம் கட்டிப் பழகிய டைரக்டர் எங்கள் தெருப் பெரியவர்களைவிட நேராகக் கோடு இழுத்துக்கொண்டார்.

பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “பெருமாளா வரவன் என்ன நாமம் சாத்திண்டு வருவான்?”

நான் கண்ணைக் காட்டுவதற்குள் டைரக்டர் சொல்லிவிட்டார். “ஏதோ ஒரு நாமம் போட்டுக்கறோம் சாமி. தூரத்துலேருந்து எடுக்கறதுதானே, ஒண்ணும் தெரியாது.”

“தெரியாத நாமத்துக்கு மண்டபம் எதுக்கு?” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் எழுந்து போய்விட்டார். வைகுண்டமும் போயிற்று.

வெளியே வந்து வெயிலில் நின்றபோது டைரக்டர் முதல் தடவையாக வாடிப்போயிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “ராணி மோட்சத்துக்கே போக வேண்டாம். ஒரு பழைய வைஷ்ணவ வீட்டுல அடைக்கலமா இருந்து பஜனை பண்றா. அங்கேயே பெருமாள் வந்து காட்சி குடுத்துடறாரு. முற்றம், மரத்தூண், துளசி மாடம் உள்ள வீடா பாருங்க” என்றார். எங்கள் வீட்டில் மூன்றும் இருந்தன. நான் ஒருவேளை இந்த வேலையில் நிரந்தரமாகிவிடலாம் என்ற நப்பாசையும் இருந்தது.

அவர்களை ஹோட்டலில் சாப்பிட உட்கார்த்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா தளிகை உள்ளில் சமைத்துக்கொண்டிருந்தாள். கொல்லைப்புறமாகவே நின்று, “மெட்ராஸ்லேருந்து வந்திருக்காளே, அவா சாயங்காலம் நம்மாத்துக்கு வரா. இடம் பார்க்க” என்றேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “இன்னிக்கேவா?”

“இன்னிக்கே. நல்ல மனுஷா. ஏதாவது டிபன் பண்ணி வை.”

“அப்பாகிட்ட சொல்லிடட்டுமா?”

“சொல்லேன். அதுக்கென்ன?” என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினேன்.

சாயங்காலம் நாங்கள் வந்தபோது வாசலில் இழைக்கோலம் போட்டிருந்தது. கூடத்தில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். தகப்பனார் பஞ்சகச்சம் கட்டி, பன்னிரண்டு நாமமும் தரித்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து நெய்யில் ரவை வறுபடும் வாசனை வந்தது. சினிமாக்காரர்களுக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் பூரித்துப் போனேன். தகப்பனாரின் பார்வை டைரக்டரின் நெற்றியில் இருந்த கோட்டில் விழுந்து, பிறகு வாசலில் நின்ற காரில் விழுந்து, மறுபடி கோட்டுக்கு வந்தது.

“வரணும், வரணும்” என்றார்.

டைரக்டர் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ரொம்பப் பழைய இடம் போலிருக்கே” என்றார்.

“ஏழு தலைமுறையா இதே வீதி. ஆசாரத்துல ஒரு குறை சொல்ல முடியாது.”

“அதுதாங்க எங்களுக்கு வேணும். புதுப் பாணி இடமெல்லாம் எங்களுக்கு ஒத்துவராது.”

தகப்பனார் குளிர்ந்து போய், சொஜ்ஜித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். கொஞ்சம் தயங்கிவிட்டு, பக்கத்தில் சரிந்து, “ஸ்வாமி எந்தக் கலையோ?” என்று கேட்டார்.

டைரக்டருக்கு முகம் மலர்ந்தது. இந்த ஊரில் அவருடைய கலையைப் பற்றி விசாரித்த முதல் மனிதர் இவர்தான். “எனக்கு எல்லாக் கலையும் ஒண்ணுதாங்க. ஏத்தத்தாழ்வு பார்க்கறதே இல்லை” என்றார்.

இரண்டு கலைக்கும் பொதுவாக ஒரு மனிதர் இருக்க முடியும் என்பது தகப்பனார் கேள்விப்படாத விஷயம். “மெட்ராஸ்ல எல்லாம் இப்போ கலையும் பேச்சும் அப்படித்தான் போலிருக்கு” என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

அப்போதுதான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. தளிகை உள் கதவின் பின்னால் என் தங்கை அம்மாவின் கூரைப்புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “அப்பா, ஒரு நிமிஷம் இப்படி வாங்கோ” என்றேன்.

“பெரியவா பேசிண்டிருக்கறச்சே குறுக்கே வராதே” என்றார். பிறகு டைரக்டரிடம், “பிள்ளையாண்டான் வரலையா?” என்றார்.

கதாநாயகனைக் கேட்கிறார் என்று டைரக்டர் நினைத்துக்கொண்டார். “இல்லீங்க. இடம் முடிவாகாம அவரை நகர்த்தறதில்லை. அழைச்சுட்டு வந்தா தெருவே கூடிடும்.”

“அவ்வளவு லட்சணமா?”

“பார்க்கிற பொம்பளைங்க எல்லாம் சொக்கிப் போயிடறாங்க. ஆனா தங்கமான பையன். நாங்க சொல்லிக் குடுக்காம ஒரு வார்த்தை பேச மாட்டான்.”

தகப்பனார் கதவின் பக்கம் அம்மாவை அர்த்தத்தோடு பார்த்தார். “எத்தனை நாள்னு உத்தேசம்?” என்றார்.

“நாலு நாளாவது வேணுங்க.”

ஒரே நாளில் தாலியைக் கட்டி, மத்தியான ரயிலுக்கு ஓடுகிற கல்யாணங்களைப் பற்றி மாதம் தவறாமல் புலம்புகிறவர் என் தகப்பனார். அந்தக் காலத்து நாலு நாள் கல்யாணத்தைப் பிள்ளை வீட்டாரே கேட்கிறார்கள். “சாப்பாடு விஷயம்...” என்று இழுத்தார்.

“உங்களுக்கு ஒரு சிரமமும் கிடையாது. சமையல்காரங்களைக்கூட நாங்களே கூட்டிட்டு வந்துடுவோம். செலவு மொத்தமும் எங்களது.”

தகப்பனார் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏழு தலைமுறையில் எந்தப் பெண்ணைப் பெற்றவரும் கேட்டிராத வார்த்தை அது. கதவின் பின்னால் என் தங்கையின் முகம் வெளுத்துவிட்டது. அவள் வேண்டிக்கொண்டது தட்டிப்போகிற ஓர் இடத்தை. வந்திருப்பதோ தட்டவே முடியாத இடம். என்னை அவள் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. நான் மறுபடி வாயைத் திறந்தேன். தகப்பனார் கையைக் காட்டி அடக்கிவிட்டார்.

அதுவரை பேசாமல் இருந்த காமிராக்காரர் எழுந்தார். “யாராவது ஒருத்தர் அந்தத் தூண்கிட்ட நில்லுங்க. வெளிச்சம் பார்க்கணும்” என்றார்.

தகப்பனார் என் தங்கைக்குக் குரல் கொடுத்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு வந்து தூணருகே நின்றாள். காமிராக்காரர் நீலக் கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். முழங்காலில் உட்கார்ந்து பார்த்தார். ஜமக்காளத்தில் குப்புறப் படுத்துப் பார்த்தார். பெண் பார்ப்பதில் இப்படி ஒரு சம்பிரதாயத்தை எங்கள் வீட்டில் ஒருவரும் கண்டதில்லை. தகப்பனாரின் வாய் திறந்தபடி இருந்தது.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. தூணை மறைக்குது” என்றார் காமிராக்காரர்.

அவள் தள்ளி நின்றாள். அவர் தூணைப் பார்த்தார். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, “ஒடுக்கம். வெளிச்சமும் போதாது. தேறாது” என்றார்.

“பழமை இருக்கே” என்றார் டைரக்டர் பரிதாபமாக.

“பழமை இருந்து என்ன பண்றது? இதைவிட அழகா மெட்ராஸ்லயே ஒண்ணு செஞ்சுக்கலாம்.”

அதோடு தீர்ந்தது. டைரக்டர் மட்டும் தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, “மனசுல வச்சுக்காதீங்க. நல்ல இடந்தான். எங்களுக்குத்தான் அமையலை. சொஜ்ஜி பிரமாதம்” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

தகப்பனார் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். முகத்துக்கு நேரே இப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் இதுவரை இல்லை. மற்றவர்கள் எல்லோரும் ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்று சொல்லிவிட்டு எழுதாமல் இருந்தவர்கள். உள்ளே போயிருந்த என் தங்கை நகைகளைக் கழற்றிக்கொண்டே மறுபடி கூடத்துக்கு வந்தாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

“இது கடைசி இடம்ப்பா. தட்டிப்போயிடுத்து. சொன்னேளே.”

“சொன்னது சொன்னதுதான்” என்றார் தகப்பனார். பிறகு என் பக்கம் திரும்பி, “நல்ல மனுஷான்னு அம்மாகிட்ட சொன்னியேடா. குப்புறப் படுத்துண்டு பொண்ணு பார்க்கறவா என்ன நல்ல மனுஷா? என்ன ஜனங்கள் இவா?” என்று வெடித்தார்.

நான் சொல்லித் தொலைத்தேன். அவர்கள் சினிமாக்காரர்கள், பார்க்க வந்தது வீட்டை, பிள்ளையாண்டான் என்பது ராஜா வேஷம் போடுகிறவன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவமானம் போய், ரயில்வே குமாஸ்தா திரும்பி வந்தார்.

“அப்போ அவா பொண்ணு பார்க்கவே வரலை.”

“வரலை.”

“அப்போ இது இடமே இல்லை. கணக்குல சேராது” என்றார். “அடுத்த மாசம் கும்பகோணத்துலேருந்து ஒருத்தா வரதாச் சொல்லியிருக்கா. அதைப் பார்ப்போம்.”

அடுத்த மாதம் என்றால் திங்கட்கிழமை போய்விடும். என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. வளையல்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

“மாயவரத்துலேருந்து வந்தாளே, அவா கணக்குல சேர்த்தியாப்பா?” என்று கேட்டாள்.

“சேர்த்திதான்.”

“அவா என்ன பார்த்தா? கொல்லை எவ்வளவு நீளம்னு பார்த்தா. கிணத்துல தண்ணி இருக்கான்னு எட்டிப் பார்த்தா. அம்மா கழுத்தையே பார்த்துண்டிருந்தா. நான் பாடினப்போ அந்த மாமா தூங்கிட்டார். அதுக்கு முன்னாடி வந்தவா நம்மாத்துல எத்தனை மாடுன்னு கேட்டா. என் பேரை ஒருத்தரும் கேக்கலை. அவா எல்லாரும் வந்தது இடம், இவா வந்தது மட்டும் இல்லையா?”

தகப்பனார் மேல்துண்டை எடுத்து மடியில் வைத்து மடித்தார்.

“எல்லாரும் நம்மாத்தைத்தான் பார்க்க வந்தா. இவாதான் அதை வாய்விட்டுச் சொன்னா. நான் மறைக்கறேனாம், தள்ளி நிக்கணுமாம். மத்தவா மனசுக்குள்ள சொல்லிண்டதைத்தானே இவர் சொன்னார்?”

தளிகை உள்ளிலிருந்து அம்மா, பெரியவர்கள் பேச்சில் என்றைக்கும் வாய் திறக்காதவள், “குழந்தை சொல்றது நிஜம்” என்றாள்.

தகப்பனார் தூணைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவளை அவர் அப்படி நிதானமாகப் பார்த்து எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ரொம்ப நேரம் பார்த்தார்.

“சரி. இதையும் ஒரு இடமாவே வச்சுக்கோ” என்றார். “தட்டிப்போயிடுத்து.”

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பரணிலிருந்து தன் பழைய ரயில்வேப் பெட்டியை இறக்கி அவளுக்காகத் துடைக்க ஆரம்பித்தார்.